கடற்கரையில் உட்கார்ந்து சிறுகோள் தேட: புதிதாக வருகிறவர்களுக்கு

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பது. கிரகத்துக்கு ஒரு கல். சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைகளுக்கும் இதே கணக்கில் ஆளுக்கொரு கல் நட ஆரம்பித்தால், அங்கிருந்து தொண்டி வரைக்கும் கடல் தூர்ந்துபோகும். இதுவரை பதிவில் ஏறிய சிறுகோள்கள் மட்டும் 13 லட்சத்துக்கு மேல்.

இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நானும் ஒன்று கண்டுபிடிக்கலாமா?" அடுத்தது, "டெலஸ்கோப் என்ன விலை?" முதல் கேள்விக்குப் பதில், முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. இரண்டாவதுக்கு, ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிறுகோளைத் தொலைநோக்கியில் பார்த்தால் பாறை மாதிரி தெரியாது. பெரிய கருவியிலும் பெரும்பாலும் ஒரு புள்ளிதான். பக்கத்தில் இருக்கும் விண்மீனுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. ஒரே ஒரு வித்தியாசம், விண்மீன் இருந்த இடத்தில் இருக்கும், இது நகரும். ஆகவே இந்த வேலை முழுக்க நேற்றைய வானத்தை இன்றைய வானத்தோடு ஒப்பிடும் வேலை. பொறுமை உள்ளவருக்கு நோட்டும் பென்சிலும் போதும். பொறுமை இல்லாதவருக்கு லட்ச ரூபாய்க் கருவியும் வீண்.

நுங்கம்பாக்கத்து ஆள்

தொடங்கும் முன் ஒருவரைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னை நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், 1792இல் கட்டிய வானாய்வுக்கூடம் ஒன்று இருந்தது. தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தக் கூடத்தின் பொறுப்பில் இருந்த நார்மன் போக்சன், 1861 ஏப்ரல் 17 இரவு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்திலிருந்து யாரும் கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. அதனால் பெயரும் 'ஆசியா'. வரிசையில் 67ஆவது. அப்புறம் 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமிலா, 1885இல் வேரா. இவற்றில் சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள் உண்டு என்பது 2005இல் தெரியவந்தது. போக்சனுக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி சும்மா கணக்கு எழுதும் ஆள் இல்லை. ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் அவரே கண்டுபிடித்தார்.

இதில் நமக்கான சேதி ஒன்று உண்டு. சிறுகோளைப் படமெடுத்துக் கண்டுபிடிக்கும் வழக்கம் ஜெர்மனியில் 1891இல்தான் வந்தது. போக்சன் இறந்ததும் அதே வருடம். அதாவது அவர் கண்டுபிடித்த அத்தனையும் கண்ணால், விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, "இந்தப் புள்ளி நேற்று இங்கே இல்லையே" என்று ஒப்பிட்டுக் கண்டவை. நீங்களும் அங்கேயிருந்துதான் தொடங்கப்போகிறீர்கள்.

இடமும் நாளும்

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது. கோள்களும் பெரும்பாலான சிறுகோள்களும் சூரியன் போகும் பாதையை ஒட்டியே வானத்தில் நடமாடும். ராமநாதபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பதேகால் பாகை சுமாருக்குத்தான் வடக்கே இருக்கிறது. அதனால் அந்தப் பாதை எந்த மாதத்திலும் நமக்கு உச்சிக்குப் பக்கத்திலேயே வரும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கோடையில் அது அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், புகைமூட்டத்தில் பாதி தெரியாது. நாம் தலையைத் தூக்கினால் போதும். கழுத்துதான் வலிக்கும், ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரிசை, தெற்கே கடலைப் பார்த்தது. ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி. அங்கே பகலில் நன்றாக இருக்கும், இரவில் படகுத்துறை விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும். தனுஷ்கோடி இருட்டைப் பற்றி எல்லாரும் கனவு காண்பார்கள். பொழுது சாயும்போதே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ராமேஸ்வரம் ஊருக்குள் வேண்டவே வேண்டாம், இரவெல்லாம் விளக்கு. உண்மையைச் சொன்னால், தெருவிளக்கு மறையும் ஒரு மொட்டைமாடி, அரைமணி பஸ்ஸில் போய்ச் சேரும் கடற்கரையைவிட மேல். வாரத்துக்கு நாலு நாள் ஏறலாம் இல்லையா?

மாதம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் நடக்காது. தை முதல் நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களில் கடல் பக்கம் விளக்கு குறையும், நாட்டுப்படகுகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாள் என்று வைத்துக்கொண்டால் நிலவுத் தொந்தரவு இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கடலைப் பார்த்து டார்ச் அடிக்காதீர்கள். பச்சை லேசர் கொண்டுவரவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கரை நெடுக ரோந்து இருக்கிறது. முதல் வருடம் நான் மணலில் விழுந்த பைனாகுலர் மூடியைத் தேட டார்ச்சை அங்குமிங்கும் ஆட்டினேன். பத்து நிமிடத்தில் பைக்கில் இருவர் வந்து நின்றார்கள். "யாருக்குத் தம்பி சிக்னல் குடுக்கிற?" பெயர், ஊர், அப்பா பெயர், வேலை எல்லாம் சொல்லி முடிக்க அரைமணி. கடைசியில் பெரியவர் பைனாகுலரை வாங்கி வியாழனின் நிலவுகளைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்று கேட்டார். அவர்கள் செய்தது அவர்கள் வேலை. நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஊரில் ஒரு பெரியவரையும் துணைக்கு வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். டார்ச் முனையில் சிவப்புக் கலர் பேப்பரை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

முதல் சிறுகோள்: வெஸ்டா

10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ.) ஒன்று இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் வாங்குங்கள். கைப்பேசியில் வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி. ரூல் போடாத நோட்டு, பென்சில்.

சிறுகோள்களில் வெஸ்டாதான் பளிச்சென்று தெரிவது. 525 கிலோமீட்டர் சுமார் குறுக்களவு. பதினாறு பதினேழு மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிரே வரும். அப்போது இரவு முழுக்க வானத்தில் இருக்கும், நல்ல இருட்டில் சிலருக்கு வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியில் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ் இதைவிடப் பெரியது, ஏறக்குறைய 940 கிலோமீட்டர். ஆனால் மங்கல், பைனாகுலர் இல்லாமல் ஆகாது.

செயலியில் வெஸ்டா என்று தேடி, எந்த விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். இதைச் சொன்னால் இளைஞர்கள் முறைக்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டே தேடினால் கண் இருட்டுக்குப் பழகாது, இருபது நிமிடம் வீண்.

பைனாகுலரில் அந்த இடத்துக்குப் போங்கள். வட்டத்துக்குள் ஏழெட்டுப் பளிச்சென்ற புள்ளிகள் தெரியும். நோட்டில் டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் புள்ளிகளை வையுங்கள். பெரிய வெளிச்சத்துக்குப் பெரிய புள்ளி, சின்னதுக்குச் சின்னது. மூன்று புள்ளி சேர்ந்து முக்கோணம், நாலு சேர்ந்து பட்டம் என்று உருவம் பிடித்து வரைந்தால் இடம் பிசகாது. ஓரத்தில் தேதி, மணி. எது வெஸ்டா என்று குறிக்காதீர்கள்.

மூன்று நாள் கழித்து அதே இடம், அதே டம்ளர், பக்கத்தில் புது வட்டம். இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். எதிரே வரும் காலத்தில் வெஸ்டா ஒரு நாளைக்கு ஏறக்குறைய கால் பாகை நகரும், அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதி. மூன்று நாளில் ஒன்றரை நிலவு அகலம். என் முதல் நோட்டில், பட்டம் மாதிரி இருந்த நாலு புள்ளியில் வால்பக்கத்துப் புள்ளி வெளியே வந்து நின்றது. பட்டம் முக்கோணமாகிவிட்டது. நான் ஏதோ தப்பாக வரைந்துவிட்டேன் என்று மறுபடி பார்த்தேன், மறுபடியும் முக்கோணம்தான். அன்று பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் காட்டினேன். ஆறாமீனும் விடிவெள்ளியும் பார்த்தே முப்பது வருடம் கடலுக்குப் போனவர். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆடுனா படகு வெளக்கு, ஓடுனா பிளேனு. இது ரெண்டும் இல்லாம எடம் மாறி ஒக்காந்திருக்கே" என்றார். அதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

வெஸ்டாவை இப்படி நீங்களாகப் பிடித்த பிறகு, சீரிஸையும் பல்லாஸையும் பிடியுங்கள். இதையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்தான். சமைக்கப் பழகுகிறவர் சோறு வடிப்பதும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

உப்பு

இந்தக் கரையில் கருவியைக் கெடுப்பது உப்புக்காற்று. ஒரு இரவிலேயே கண்ணாடி மேல் மெல்லிய படலம் படியும், மேலே பனி இறங்கினால் பிசுபிசுப்பு. அதை வேட்டித் தலைப்பால் துடைத்தால் போச்சு. உப்புத் துகள் உப்புத்தாள் மாதிரி கண்ணாடிப் பூச்சைத் தேய்த்துவிடும். என் முதல் பைனாகுலர் போனது அப்படித்தான். முதலில் ரப்பர் காற்றூதியால் ஊதுங்கள், வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் வைத்திருப்பாரே, அது. அப்புறம் லென்ஸுக்கென்று விற்கும் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள், அழுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், செருப்பு டப்பாவிலும் மாத்திரைப் புட்டியிலும் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், நாலைந்து போட்டு மூடி வையுங்கள்.

உண்மையான தேடல் மடிக்கணினியில்

இனி முதல் கேள்விக்கு வருவோம். புதிதாகக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் சிறுகோள்கள் பெரும்பாலும் 20, 21ஆம் பருமன் அளவில் மங்கலானவை. பருமன் என்பது வானத்துப் புள்ளியின் வெளிச்சத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூட மங்கல். இந்தக் கணக்கில் ஐந்து படி இறங்கினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு. வெறுங்கண்ணின் எல்லை ஆறாம் பருமன். 21 என்றால் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல். (இந்த ஐந்துக்கு நூறு கணக்கை 1856இல் வகுத்தவர் யார் தெரியுமா? சென்னைக்கு வருவதற்கு முந்தைய போக்சன்தான்.) இந்த மங்கலை நம் மாடியிலிருந்து பிடிக்க முடியாது. ஆனால் பிடித்துவைத்த படத்தைப் பார்க்க முடியும்.

ஹவாயில் ஹலேயாகலா மலை உச்சியில் பான்-ஸ்டார்ஸ் என்ற 1.8 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் படங்களைப் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் தேடச் சொல்கிறது பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஐ.ஏ.எஸ்.சி.' என்பார்கள். 2006இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. இந்தியாவிலிருந்து நிறையப் பேர் கலந்துகொள்கிறார்கள். குழுவாகப் பதிவு செய்ய வேண்டும், முறை வரும்போது படங்கள் வரும். வழியில் "பதிவுக்கட்டணம்" என்று யாராவது கை நீட்டினால், எதற்கு என்று கேளுங்கள்.

தேவை: விண்டோஸ் கணினி, அஸ்ட்ரோமெட்ரிக்கா மென்பொருள். வானத்தின் ஒரே துண்டை ஒரு மணி நேரம் சுமாருக்குள் நாலு முறை எடுத்த நாலு படங்கள் வரும். மென்பொருளில் அவற்றை ஏற்றி, மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இதைத்தான் 'பிளிங்க்' என்கிறார்கள். கறுப்பு வெள்ளை மணல் மாதிரி ஒரு திரை. விண்மீன்கள் அசையாது. ஓரிடத்தில் மட்டும் ஒரு மணல் டிக், டிக், டிக் என்று நகர்ந்து, திரும்ப முதலுக்கே வந்து நகரும். கண்டதும் நெஞ்சு ஒரு முறை துள்ளும். உடனே அறிக்கை எழுதாதீர்கள், இவற்றைப் பாருங்கள்.

நாலு படத்திலும் இருக்கிறதா? ஒரே நேர்க்கோட்டில், ஒரே அளவு எட்டு வைத்துப் போகிறதா? நாலிலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றா? புள்ளியைச் சொடுக்கினால் திறக்கும் சின்னப் பெட்டியில் அதன் வெளிச்சம் கூம்பாக எழுந்து இறங்குகிறதா, இல்லை ஒற்றைக் குச்சியாக நிற்கிறதா? குச்சி என்றால் அது கருவியின் கோளாறுப் புள்ளி. அறியப்பட்ட சிறுகோள்களின் பெயர்களைப் படத்தின் மேல் போட்டுக் காட்டும் வசதியும் உண்டு. அதைப் போட்டதும் உங்கள் புள்ளியின் தலையில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தால், அது ஏற்கெனவே பிறருடையது. பத்தில் எட்டு அப்படித்தான் போகும், மனம் தளர வேண்டாம். என்னுடைய முதல் "கண்டுபிடிப்பு" படத்தின் ஓரத்தில் இருந்த கோளாறுப் புள்ளி. இரண்டாவது, நேரக்கணக்குத் தப்பால் வந்த வினை. நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும், நம் மணியிலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். விடிகாலை 2 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. தேதியே மாறிப்போகும்.

இருவர் சேர்ந்து பாருங்கள். ஒருவர் இடமிருந்து வலமாக, இன்னொருவர் மேலிருந்து கீழாக. ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் இல்லாத புள்ளிகளும் நகர ஆரம்பிக்கும்.

அனுப்பிய பிறகு

அறிக்கை போனதும் கிடைப்பது 'முதல்நிலைக் கண்டறிதல்' என்ற தகுதி. அதே பொருளை மற்ற இரவுகளிலும் பார்த்து உறுதி செய்தால், அமெரிக்காவில் கேம்பிரிட்ஜில் இருக்கும் சிறுகோள் மையம் அதற்கு ஒரு தற்காலிகக் குறியீடு தரும். சுற்றுப்பாதை ஐயமில்லாமல் தெரிந்து நிரந்தர எண் வருவதற்குள் பல வருடம் ஓடிவிடும். பெயர் வைப்பது அதற்கும் பிறகு. கண்டுபிடித்தவர் பெயரைப் பரிந்துரைக்கலாம், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு முடிவு செய்யும். ஆங்கில எழுத்தில் பதினாறுக்கு மேல் கூடாது. அரசியல்வாதி பெயர் என்றால் அவர் இறந்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும், இந்த ஒரு விதிக்காக அந்தக் குழுவுக்கு நான் கோவில் கட்டுவேன்.

இந்தப் படிகளைத் தெரிந்துகொள்ளாமல் முதல்நிலைச் சான்றிதழ் வந்த அன்றே "புதிய கோள் கண்டுபிடித்த மாணவர்" என்று ஃபிளெக்ஸ் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தப் பையனிடம் பிறகு யாராவது "உன் கோள் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வான்? சான்றிதழ் மதிப்புள்ளதுதான். எழுதியிருக்கும் வார்த்தையை அப்படியே சொன்னால் போதும்.

குறியீட்டைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், சுவையான விஷயம். '1988 டிகியூ1' என்றால் ஆண்டு 1988. வருடத்தை 24 அரைமாதங்களாகப் பிரித்து எழுத்து கொடுப்பார்கள்: ஏ ஜனவரி முதல் பாதி, பி இரண்டாம் பாதி, சி பிப்ரவரி முதல் பாதி, டி பிப்ரவரி இரண்டாம் பாதி. அடுத்த எழுத்து, அந்த அரைமாதத்துக்குள் எத்தனையாவது என்பதைச் சொல்லும். 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிட்டால் கியூ பதினாறாவது. பின்னால் வரும் 1, இருபத்தைந்து எழுத்தும் ஒரு சுற்று முடிந்தது என்பதைக் காட்டுகிறது. ஆக, அந்த அரைமாதத்தில் 41ஆவது பொருள்.

காவலூர்

அந்த டிகியூ1 நம் காவலூரில் கண்டுபிடித்தது. 1988 பிப்ரவரி 17, 'கல்கி' என்று பெயர் வைத்த தேடல் திட்டம், ஷ்மிட் வகைத் தொலைநோக்கி, கண்டுபிடித்தவர் ஆர். ராஜமோகன். இப்போது அதன் பெயர் 4130 ராமானுஜன். போக்சனின் வேராவுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதே வருடம் ஜனவரியில் பதிவான இன்னொன்று 8348 பட்டாச்சார்யா.

காவலூரில், ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் திறந்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977இல் கண்டவர்களில் இங்கிருந்தவர்களும் உண்டு. மதுரை, சேலம் வழியாகத் திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், மழைக்காலத்தில் போகாதீர்கள். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்காரர்கள் குளிர் என்றால் என்னவென்று மறந்துபோனவர்கள்.

கருவி இல்லாத நாள்

ஒரு தேதியை மட்டும் இப்போதே காலண்டரில் எழுதிவையுங்கள். 2029 ஏப்ரல் 13 இரவு. அப்போஃபிஸ் என்ற சிறுகோள், முன்னூற்றைம்பது மீட்டர் சுமார் அளவுள்ளது, பூமியின் தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டரில் கடக்கும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கிலோமீட்டருக்கும் உள்ளே. மோதாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா மேலாக வந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கே போகும். மிக நெருங்கும் நேரம் நம் மணிக்கு 14ஆம் தேதி விடிகாலை 3.16, அப்போது அது அட்லாண்டிக் பக்கம் போயிருக்கும். ஆகவே நமக்கு அதற்கு முந்தைய மணிகள்தான் கணக்கு. திசையையும் நேரத்தையும் செயலியில் நம் ஊரை வைத்து ஒரு வாரம் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், டம்ளரும் வேண்டாம். புள்ளி நகர்வது நின்ற நிலையிலேயே கண்ணுக்குத் தெரியும். விடிந்தால் சித்திரை முதல் நாள். வீட்டில் எப்படியும் விழித்துத்தான் இருப்பார்கள், மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.